செயல்வழி தேர்தலும் தெரிந்துசெயல்வகையும்: பழவேற்காட்டு ஏரிக்கரைச் சான்றுகள்

அளவை நூலாரின் ஆராய்ச்சி பெரும்பாலும் 'உண்டு', 'இல்லை' என்னும் முடிபை நோக்கியது. புகை கண்டு நெருப்பின் உண்மையைத் துணிதல் அதன் பழைய எடுத்துக்காட்டு. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கும் மணிமேகலையின் 29-ஆம் காதை இவ்வகை ஆராய்ச்சிக்குத் தமிழிலுள்ள சிறந்த சான்றாகும். 'செய்க', 'செய்யற்க' என்னும் முடிபோ வேறு இயல்பினது. அதனை அளவை நூலுள் தேடுதலினும் திருக்குறளின் பொருட்பாலுள் தேடுதலே பொருந்தும். தெரிந்துசெயல்வகை முதல் இடனறிதல் ஈறாக நிற்கும் நான்கு அதிகாரங்களும் (47-50), வினைசெயல்வகை என்னும் அதிகாரமும் (68) இதனையே பொருளாக உடையன.

இக்காலத்து வங்கிப் பணிக்கும் அரசுப் பணிக்கும் நடைபெறும் போட்டித் தேர்வுகளில் 'கூற்றும் செயல்வழியும்' எனத்தகும் வினாவகை ஒன்று உண்டு. ஓர் இடர் கூற்றாகத் தரப்படும். அதன்கீழ் இரண்டு அல்லது மூன்று செயல்வழிகள் நிற்கும். கூற்றை மெய்யெனக் கொண்டு, அவற்றுள் மேற்கொள்ளத்தக்கது எது என மாணவர் துணிதல் வேண்டும். செயல் இடரைத் தீர்ப்பதாகவோ தணிப்பதாகவோ இருத்தல், நடைமுறைக்கு இயைதல், இடரின் அளவை மிஞ்சாமை, புதிய இடரை விளைவியாமை எனப் பயிற்சி நூல்கள் சில விதிகள் கூறும். விதிகள் நல்லனவே. ஆயினும் அவை யாவும் கூற்றுக்கும் செயல்வழிக்கும் இடையே உள்ள இயைபை மட்டும் அளப்பன. செயலைத் தக்கதாக்கும் ஏது, கூற்றுக்குப் புறத்தே, இடத்திலும் காலத்திலும் மாந்தரிடத்திலும் கிடக்கின்றது என்பதே ஈண்டு நாம் கூற விரும்புவது. வள்ளுவர் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு மேற்காட்டிய அதிகாரங்களின் பெயர்களே போதிய சான்று. வலி, காலம், இடன் ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரமாக வகுத்தவர், அவற்றை அறியாது செயலை மட்டும் அளத்தல் இயலாது என்று கொண்டவரே ஆவர்.

நூற்பொருளை ஓர் இடத்தோடு பொருத்திக் காண்பது நலம். தமிழகத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது ஆரம்பாக்கம். அதன் கீழ்பால் விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெருமை உடைய இந்நீர்நிலையின் பெரும்பகுதி ஆந்திரத்தையும் சிறுபகுதி தமிழ்நாட்டையும் சார்ந்தது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதற்கு நன்னீர் தருவன. கரையைச் சூழ்ந்த குப்பங்களின் வாழ்வு மீனும் இறாலும் நண்டுமே.

2011 டிசம்பர் 25 அன்று இவ்வேரியில் சுற்றுலா வந்தோரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். இதனைத் தேர்வு வினாவாக எழுதுவோம். கூற்று: அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பலர் மாண்டனர். முதற் செயல்வழி: ஏரியில் சுற்றுலாப் படகு விடுதலைத் தடை செய்க. இரண்டாவது: ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்து, மிதவைச் சட்டை அணிதலைக் கட்டாயமாக்குக. பயிற்சி நூல் முதலாவதைத் தள்ளி இரண்டாவதைக் கொள்ளும். தடை இடரின் அளவை மிஞ்சியது என்பது அதன் கருத்து. நடந்ததோ தடையே. அதனால் அரசு அளவை அறியாது செய்தது எனல் ஆகுமா? ஆகாது. வரம்பை விதிப்பது எளிது. துறைதோறும் நின்று அதனைக் காக்கும் ஆளும் கருவியும் உளவா என்பது கூற்றில் இல்லாத செய்தி. பொருள், கருவி, காலம், வினை, இடம் ஆகிய ஐந்தையும் இருள் நீங்க எண்ணிச் செய்க என்பது வினைசெயல்வகையின் ஆணை. கருவி இல்லாவிடத்து இரண்டாம் செயல்வழி ஏட்டளவில் நிற்கும். மற்றொரு பக்கமும் உண்டு. விடுமுறை நாட்களில் படகோட்டிப் பெறும் கூலியையும் நம்பியிருந்த மீனவர்க்குத் தடை வருவாய் இழப்பாயிற்று. அவ்விழப்பும் கூற்றில் இல்லை.

இனி முகத்துவாரச் செய்தியைச் சற்று விரிவாக நோக்குவோம். ஏரிநீர் கடலொடு கலக்கும் வாயில் பழவேற்காட்டின் அருகே உள்ளது. நம் கீழைக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கினின்று வடக்காகத் தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வாயிலை அகழ்ந்து வைக்கும். வெள்ளம் ஓய்ந்தபின் மணல் மேடிட்டு வாயில் குறுகும். சில ஆண்டுகளில் அடைபட்டும் போகும். இறாலின் குஞ்சுகள் கடலினின்று இவ்வாயில் வழியே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்கு மீள்வன. ஆதலின் வாயில் அடைபடுதல் விளைநிலத்துக்கு விதை வாராமை போன்றது. கோடையில் நீர் ஆவியாகி உவர்ப்பு ஏறுதல் அதன்மேல் வரும் கேடு.

இதற்குச் செயல்வழிகள் மூன்று கூறப்படுவன. ஆண்டுதோறும் மணலை அகழ்தல் ஒன்று. மீனவர் தம்முள் பணம் திரட்டித் தாமே அகழ்ந்ததும் உண்டு. வாயிலின் இருமருங்கும் கடலுள் கற்சுவர் நீட்டி அதனை நிலையாகத் திறந்து வைத்தல் மற்றொன்று. வெள்ளம் வரும்வரை வாளா இருத்தல் மூன்றாவது. தேர்வுத் தாள்கள் மூன்றாவதைச் செயல்வழியாக எண்ணுவதே இல்லை. வள்ளுவரோ செய்யத்தகாதன செய்தலோடு செய்யத்தகுவன செய்யாமையையும் கேட்டிற்குக் காரணமாக ஒரே குறளில் வைத்தார். செய்யாமையும் ஒரு துணிபே, அதற்கும் பயன் உண்டு என்பது அதனால் பெறப்படும்.

தெரிந்துசெயல்வகையின் முதற் குறள் அழிவது, ஆவது, பின்னர் வரும் ஊதியம் என மூன்றனை எண்ணச் சொல்கின்றது. பரிமேலழகர் இம்மூன்றையும் கால முறையால் வேறுபடுத்தி உரைப்பர். அவ்வுரை வழிநின்று கற்சுவரை ஆராயுமிடத்து, அழிவது பொருட்செலவு. ஆவது திறந்த வாயில். பின் வருவது யாது? சென்னைத் துறைமுகத்தின் வரலாறு இதற்கு விடை தரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அத்துறைமுகத்துக்காகக் கடலுள் சுவர்கள் எழுந்தபின், அவற்றின் தென்பால் மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடபால் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. தடுத்த மணல் ஒருபுறம் சேரின் மறுபுறம் குறைதல் இயல்பு. எனவே பழவேற்காட்டில் கற்சுவர் வேண்டுமா என்னும் வினா, அதற்கு வடக்கே எவ்வூர் உள்ளது, அரிப்பு நேரின் தடுக்கும் வகை யாது என்னும் வினாக்களின்றி முற்றுப்பெறாது. இதனால் கற்சுவர் தகாதது என்று நாம் கூறவில்லை. ஏரிமீனவர் நெடுங்காலம் வேண்டிவந்த செயல் அது. ஆண்டுதோறும் அகழ்தல் ஆண்டுதோறும் வீணாவதைக் கண்டு வேண்டிவந்தது. அவர் கண்டறிந்ததற்கு மாறான முடிபு எதுவும் கொள்ளத்தக்கதன்று. மணிமேகலை பக்கப் போலிகளை எண்ணுமிடத்துக் காட்சிக்கு முரணாவதனைச் சேர்த்திருப்பதை இங்கு நினைக்கலாம். உண்மை பற்றிய வாதத்துக்குக் கூறிய அக்குற்றம் செயல் பற்றிய வாதத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது சான்று பாட்டு முறை. 'பாடு' என்பது வலையிடும் இடத்தையும் அதில் வலையிடும் முறையுரிமையையும் குறிக்கும் மீனவர் வழக்கு. பழவேற்காட்டில் பட்டினவர் குப்பங்கள் சில, இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைத் தம் தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். நல்ல இடம் ஒருவர்க்கே நிலையாக அமையாது; வறிய இடமும் அவ்வாறே. பூசலைத் தவிர்க்க முன்னோர் கண்ட அரிய ஒழுங்கு இது. ஆயின் பாட்டுரிமை இல்லாத மீனவரும் ஏரியை நம்பி வாழ்கின்றனர். வலையின்றிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் அவருள் அடங்குவர். பூசல் எழுந்தால் 'பாட்டுரிமையை எல்லார்க்கும் விரிக்க' என்பது வினாத்தாளில் குற்றமற்ற செயல்வழியாகத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் நோக்குக. ஒரு பாட்டில் நாளொன்றுக்கு 30 வலை இடலாம் எனவும், உரிமையுடையார் 60 பேர் எனவும் கொள்வோம். ஒருவர்க்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை பாடு வரும். 120 பேராயின் நான்கு நாளைக்கு ஒருமுறை. நாலு நாளைக்கு ஒருநாள் உழைப்பில் இரு குடும்பமும் வாழுமா என்பதை எண்ணாத நீதி, இருவரையும் ஒருங்கே வறியராக்கும். எண்ணாமல் விட்டாலோ, இருளர் குடும்பம் இன்றுள்ள நிலையிலேயே நிற்கும்.

நன்மை செய்தலுள்ளும், அதனை ஏற்பார் அவரவர் இயல்பை அறிந்து செய்யாவிடின், தவறு உண்டாகும் என்பது அவ்வதிகாரத்தின் ஒன்பதாம் குறட்கருத்து. பரிமேலழகர் இதனைப் பிற வேந்தரிடத்துச் செய்யும் உபாயங்களுக்கு உரியதாகக் கொண்டார். அரசியலுள் வைத்தமையின் அவ்வுரை பொருந்துவதே. எனினும் குறளின் சொற்கிடக்கை அவ்வளவில் நில்லாது எனத் தோன்றுகின்றது. ஆரம்பாக்கத்தை அடுத்த குப்பங்களை இதற்குக் காட்டலாம். 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஆந்திரத்துக்கும் அந்நாளைய சென்னை மாநிலத்துக்கும் எல்லையை மாற்றி வகுத்தது. நிலத்தில் நட்ட எல்லைக்கல் நீரில் தெரிவதில்லை. மீனைத் தொடரும் படகு அடுத்த மாநிலத்து நீருள் புகுதலும், அதனால் இரு கரை மீனவரும் பூசலிடுதலும் அவ்வப்போது நேர்ந்துள்ளன. ஒரு மாநிலத்தார் வகுக்கும் நல்ல விதி மறுகரைக் குப்பத்துக்கு விதியன்று. அங்குள்ளாரை உசாவாமல் வகுத்தால் அது பூசலுக்கு மேலும் ஒரு காரணமாகும்.

தேர்வு நடத்துவோரும் இவ்வேறுபாட்டை ஒருகால் உணர்ந்தனர் என்றே கொள்ளலாம். 2011-இல் இந்தியக் குடிமைப்பணி முதனிலைத் தேர்வில் புதிய இரண்டாம் தாள் சேர்க்கப்பட்டபோது, பிற வினாக்களுக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. முடிவெடுத்தல் பற்றிய வினாக்களுக்கு மட்டும் அக்குறைப்பு இல்லை.