முக்கோணச் சில்லின் முனை எந்தப் பக்கம்?

"எலும்பு முறிவைப் பார்த்தே கார் எந்தத் திசையிலிருந்து மோதியது என்று நீதிமன்றத்தில் சொல்கிறார்களாமே, நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி நம்பலாம். துப்பறியும் தொடர்களில் வருகிற மாதிரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த கையோடு தீர்ப்பு வந்துவிடாது. ஆனால் அந்தப் பாதி அழகானது.

கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அதுதான் விஷயம். முட்டி படுகிற பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. எலும்பு அமுக்கத்தில் பலசாலி, இழுவையில் சோப்ளாங்கி. நெட்டெலும்பின் கெட்டியான சுவர் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 200 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தாலோ 130 வாக்கிலேயே பிய்ந்துவிடும். ஆகவே பம்பர் இடித்த பக்கத்தில் கால் எலும்பு முதலில் உடைவதில்லை, இடிபடாத பக்கத்தில்தான் விரிசல் பிறக்கிறது! அது உள்நோக்கி ஓடி, அமுங்கிக் கிடக்கும் பகுதியை நெருங்கியதும் நேரே போக வழியின்றி இரண்டாகக் கிளைக்கிறது. நடுவே ஒரு முக்கோணச் சில்லு தனியாகிறது. அதன் அடிப்பக்கம் கார் வந்த பக்கம். முனை கார் போன திசை.

கரும்பை இன்னும் கொஞ்சம் மெல்லலாம். ஒடிக்க இரண்டு கைகள் வேண்டும். காலுக்கு மேல்கை உடம்பின் எடை, கீழ்கை தரையில் ஊன்றிய பாதம். நடக்கும்போது தூக்கிய காலில் இடி விழுந்தால் கீழ்கை இல்லை. கால் விலகிப் போய்த் தப்பவும் கூடும். எந்தக் கால் முறிந்தது என்பதிலிருந்து ஆள் எந்தக் காலை ஊன்றியிருந்தார் என்று ஊகிப்பது இப்படித்தான். இளங்கரும்பு முழுதாக ஒடியாமல் நாராய்த் தொங்குமே, குழந்தைகளின் எலும்பும் அப்படியே. (கணுவுக்கு ஈடாக எலும்பில் ஒன்றும் இல்லை. இத்தோடு கரும்பைத் துப்பிவிடலாம்.)

குதிகாலிலிருந்து முறிவு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் பேசும். பிரேக் அழுத்தினால் காரின் முன்பகுதி தாழும். பம்பர் கீழே இறங்கி இடிக்கும். "பிரேக் போட்டேன்" என்ற ஓட்டுநரின் வாக்குமூலத்தை இதை வைத்து உரசிப் பார்க்கலாம், செருப்பின் தடிமனையும் கணக்கில் சேர்த்தால்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கார்கள் தெருவுக்கு வருமுன்பே, ஜெர்மானியர் மெஸ்ஸரர் பிணங்களின் எலும்புகளை இயந்திரத்தில் வளைத்து உடைத்து அளந்தார். அந்தச் சில்லுக்கு அவர் பெயர்தான். உயிருள்ள உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, 1954இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் தானே ஏறி, திடீரென நிறுத்தச் செய்து, புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு விசையைத் தாங்கிக் காட்டினார். போதும்.

சந்தேகத்துக்கு வருவோம். சோதனைக்கூடத்தில் எலும்புகளை உடைத்தால் சில்லு எப்போதும் உருவாவதில்லை; சில சமயம் தலைகீழாகவும் அமைகிறது. இப்போதைய பம்பர்களோ பிளாஸ்டிக் போர்த்தி அகன்றவை, இடியைப் பரப்பிவிடுகின்றன. வழக்கறிஞர்களுக்குப் பிடித்தது விபத்தைக் கணினியில் நடத்திக் காட்டும் வண்ண அனிமேஷன். அதில் கொடுத்த வேகம்தான் விடையாகத் திரும்பி வரும். எலும்பு முறியாத வழக்குகளிலும் இதே சிக்கல் உண்டு: ஒரு கார் இன்னொன்றை மெதுவாகப் பின்னால் இடித்த வழக்குகளில், "இந்த வேகத்தில் கழுத்து அடிபடாது" என்று சொல்லக் காப்பீட்டுத் தரப்பு நிபுணர்களை அழைத்து வருவதுண்டு. அவர்கள் காட்டும் சோதனைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். வழக்குப் போட்டவர் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரராக இருக்கலாம். அமெரிக்க நீதிபதிகள் பலர் இந்த நிபுணர்களை விசையோடு நிறுத்தச் சொல்வது இதனால்தான்: இந்த மோதலில் இவ்வளவு விசை வரும், அது பொதுவாக இன்ன வகைக் காயத்தை உண்டாக்கும் என்று சொல்லலாம். இன்னாருடைய கழுத்து வலி இதனால் வந்ததா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.