பலகை ஏன் கருகுகிறது?

நமது தோட்டங்களில் இளைஞர்கள் பலர் தச்சு வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வட்டவாள் மெஷினில் அறுத்த பலகையின் ஓரம் கறுத்துப் போகிறது, புகை வருகிறது என்று அடிக்கடி சொல்கிறார்கள். பிளேட் சரியில்லை என்று உடனே புதிதாக வாங்கிவிடுகிறார்கள். காசைச் செலவழிக்கும் முன்னர் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பிளேட் சுற்றும் வேகம். மற்றது, நாம் பலகையைத் தள்ளும் வேகம்.

சாதாரண மோட்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். மோட்டரில் உள்ள தகட்டில் அந்த எண் இருக்கும். மோட்டரில் 6 அங்குலப் புல்லியும் வாளின் அச்சில் 3 அங்குலப் புல்லியும் போட்டால் வாள் 2880 சுற்று ஓடும். அப்போது 12 அங்குல பிளேட்டின் பல் ஒரு செக்கனில் ஏறக்குறைய 46 மீற்றர் போகிறது. மரத்துக்கு இது தாராளம். இன்னும் வேகமாக வெட்டட்டும் என்று சிலர் மோட்டர் புல்லியைப் பெரிதாக்குகிறார்கள். பிளேட்டின் முகத்தில் அதிகபட்சச் சுற்று எண் அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் பல் தெறித்து வரலாம். கையில் பிடிக்கும் சின்ன கிரைண்டர் 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதில் மரம் வெட்டும் பல் பிளேட்டை மாட்டவே கூடாது.

இனித் தள்ளும் வேகம். பயந்து பயந்து மெதுவாகத் தள்ளினால் நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கருகுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2880 சுற்றில் ஓடும் 60 பல் பிளேட்டில், நிமிடத்துக்கு 3 மீற்றர் வீதம் தள்ளினால் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.017 மில்லிமீற்றர். தலைமயிரை விட மெல்லிசு! அவ்வளவு மெல்லிசாகப் பல் வெட்டாது, உரசும். உரசினால் சூடு. மரமும் கருகும், பல்லும் மழுங்கும். நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேட்டைப் போட்டு 6 மீற்றர் வீதம் தள்ளினால் ஒரு பல்லுக்கு 0.087 மில்லிமீற்றர் வரும். இப்போது பல் வெட்டுகிறது. 60 பல் பிளேட்டைக் குறுக்கே வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை நிறுத்திவிட்டு, கீழே விழுந்த தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். மா மாதிரி இருந்தால் உரசியிருக்கிறது. குறுணல் மாதிரி இருந்தால் சரி.

அல்பீசியாவைத் தாராளமாகத் தள்ளலாம். பலா, டர்பன்டைன் என்றால் கொஞ்சம் குறைக்க வேண்டும். பைனஸ் பிசின் பல்லில் ஒட்டினால் எந்த வேகத்திலும் கருகும். துடைத்துவிட்டு அறுக்க வேண்டும். மோட்டர் திணறும் சத்தம் கேட்டால் தள்ளுவது அதிகம். பின்னேரம் லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் கரண்ட் குறையும், மோட்டர் பலமிழக்கும். அந்த நேரத்தில் அறுக்காமல் இருப்பதே நல்லது.

பலகை பிளேட்டில் சிக்கினால் நம் பக்கமே உதைத்து வரும். பிளேட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். பிளேட்டை அடுத்து நிற்கும் பிளவுத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தால் திரும்பப் பூட்டுங்கள். கடைசி ஓரடியைக் கையால் தள்ளாதீர்கள். ஒரு கட்டை வைத்துத் தள்ளுங்கள், அதே வேகத்தில்.