பேர் ஒன்னு, ஜீன் வேற: வட துருவக் கடலில் 'பறக்கும்' நத்தைகளின் கதை

நத்தைன்னா மெதுவா ஊர்ந்துதான் போகும்னு நினைக்கிறோம். லிமாசினா ஹெலிசினா ஊர்வதே இல்லை, பறக்கிறது. ஆர்டிக் பெருங்கடலிலும் வட பசிபிக்கின் குளிர்ந்த பகுதிகளிலும் வாழும் இந்தக் குட்டிக் கடல் நத்தைக்கு, மற்ற நத்தைகளுக்குப் பாதமாக இருக்கும் தசையே இரண்டு இறக்கைகளாக மாறியிருக்கிறது. பூச்சிகள் காற்றில் செய்வதைப் போலவே இது தண்ணீருக்குள் இறக்கையை '8' வடிவில் சுழற்றி மேலெழும்புவதை, அதிவேக கேமராவில் படம்பிடித்து 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 'கடல் பட்டாம்பூச்சி' என்ற செல்லப்பெயர் இதற்குப் பொருத்தம்தான். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தாண்டாத உருவம்.

என்னதான் பறந்தாலும் கடல் நீரோட்டத்தை எதிர்த்து இதனால் போக முடியாது. அது இழுத்த இழுப்புக்குத்தான் போகணும். இப்படி மிதந்து வாழும் உயிர்களைத்தான் 'பிளாங்டன்', அதாவது மிதவை உயிரிகள் என்கிறோம். கடலில் சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. அப்போ எல்லா இடத்து நத்தைகளும் கலந்து, ஜீன்களும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள்.

இந்த நத்தைக்கு அறிவியல் பெயர் வந்ததே ஒரு கடற்படைப் பயணத்தால்தான். 1773-ல் வட துருவத்தை நோக்கிக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்களின் தலைவர் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ், மறு வருடம் வெளியிட்ட பயண நூலில் இதைப் பதிவு செய்தார். (பின்னாளில் புகழ்பெற்ற ஹொரேஷியோ நெல்சன், சின்னப் பையனாக அந்தப் பயணத்தில் இருந்தார்.) அப்புறம் அன்டார்டிக் கடலிலும் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு நத்தை கிடைத்தது. அதுக்கும் அதே பெயரையே வைத்துவிட்டார்கள். துணை இனம் என்று ஒரு வால் மட்டும் ஒட்டிக்கொண்டது.

2010-ல் இரண்டு துருவ நத்தைகளின் டிஎன்ஏ-வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் ஒப்பிட்டது சிஓஐ என்ற ஜீன். கடையில் பில் போட உதவும் பார்கோடு மாதிரி, விலங்கினங்களை அடையாளம் காண உலகம் முழுக்கப் பயன்படுவது இது. ஒரே இனத்துக்குள் இதில் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இந்த நத்தைகளில் வந்ததோ சுமார் 33 சதவீதம்! பெயர்தான் ஒன்று. நடுவில் கிடக்கும் வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடல், கண்ணுக்குத் தெரியாத சுவராக மிக நீண்ட காலமாக இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது.

இந்த நத்தையை வேட்டையாடிச் சாப்பிடும் கிளையோனிகள் விஷயத்திலும் இதே கூத்துதான். ஓடே இல்லாத, கண்ணாடி போன்ற இந்த நத்தைகளுக்கு 'கடல் தேவதை' என்று பெயர். எல்லாமே கிளையோனி லிமாசினாதான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இன்று அட்லான்டிக் பக்கம் இருப்பது ஒரு இனம், வட பசிபிக்கில் இருப்பது வேறு இனம். போதாததற்கு, ஜப்பானுக்கு வடக்கே உள்ள ஓகோட்ஸ்க் கடலில் இருந்து 2017-ல் இன்னொரு புது இனமும் பட்டியலில் சேர்ந்தது.

சரி, யாருக்கு என்ன நஷ்டம்?

நத்தைக்குத்தான். இதன் ஓடு அரகோனைட்டால் ஆனது. கால்சியம் கார்பனேட்டிலேயே சீக்கிரம் கரையும் வகை அது. நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோலில் இருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. குளிர்ந்த நீர் இந்த வாயுவை இன்னும் அதிகமாக இழுக்கும் என்பதால் முதல் அடி வடக்கே விழுகிறது. பிங்க் சால்மன் உள்ளிட்ட மீன்களுக்கு இந்த நத்தை முக்கிய உணவு என்பதால் மீனவர்களுக்கும் இதில் கவலை உண்டு.

அமெரிக்க மேற்குக் கரையை ஒட்டிய கடலில் பிடித்த லிமாசினா ஹெலிசினாக்களில், கரைக்கு அருகே இருந்தவற்றில் 53 சதவீதத்துக்கு ஓடு மோசமாகக் கரைந்திருந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனா கிரீன்லாந்து பக்கக் கடலில் இதே நத்தையைப் பார்த்த இன்னொரு குழுவோ, ஓட்டின் மேல் தோல் சேதமான இடத்தில்தான் கரைகிறது, நத்தை உள்பக்கமாகத் தடித்த ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்கிறது என்றது. எது சரி என்று சண்டை போடுவதற்கு முன்னால், இரண்டு இடத்திலும் பிடிபட்டது ஒரே மாதிரி நத்தைதானா என்று கேட்பதுதானே நியாயம்? ஓரிடத்து நத்தையை ஆய்வகத்தில் சோதித்துவிட்டு, 'லிமாசினா தாங்கும்' அல்லது 'தாங்காது' என்று துருவம் முழுக்கத் தீர்ப்பு எழுதுவதில் உள்ள சிக்கல் இதுதான். ஒரு கூட்டத்துக்குள் ஜீன் வகைகள் எவ்வளவு அதிகமோ, அமிலத்தைச் சமாளிக்கும் சிலராவது அதில் இருக்க வாய்ப்பும் அவ்வளவு அதிகம். ஒரு பகுதியில் அழிந்துபோனால், இன்னொரு பகுதியில் இருந்து அதே நத்தை மிதந்து வந்து இடத்தை நிரப்பும் என்றும் சொல்ல முடியாது.

சிஓஐ ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடவும் முடியாது. அது தாய்வழியில் மட்டும் வரும் ஜீன். முழு ஜீனோம் வேணும். இந்த இறக்கை நத்தைகளில் முதல் ஜீனோம் வரைவு 2020-ல்தான் வந்தது. அதுவும் வெதுவெதுப்பான கடலில் வாழும் லிமாசினா புலிமாய்டஸுக்கு. அளவில் கிட்டத்தட்ட மனித ஜீனோமுக்குச் சமம். அதை வைத்து உருவாக்கிய டிஎன்ஏ 'தூண்டில்களை' ஹெலிசினா உட்பட மற்ற இனங்களிலும் போட்டுப் பார்த்தார்கள். உறவு விலக விலக, தூண்டிலில் சிக்கிய ஜீன்களும் குறைந்துகொண்டே போயின. வடக்குக் கடல் நத்தைக்கு அதன் சொந்தத் தூண்டில்தான் வேணும்.