வளி முடுக்கியும் தொழிலாளர் காப்பும்
ஊவாத் தோட்டப்புறப் பட்டறைகளை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றுள் குடியேற்ற வரலாறு, கூலி, குடியுரிமை, நாட்டார் பாடல் ஆகியன பெரும்பங்கு பெறுகின்றன. அவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயின், அத்தோட்டங்களிற் பிறந்த இளைஞர் நாள்தோறும் கையிற் பிடிக்கும் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுந்த எழுத்துக்கள் மிகச் சிலவாம். பதுளையிலிருந்து பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் வீதிகளின் ஓரங்களில் வாகனங்களைச் செப்பனிடும் பட்டறைகள் பல உள. அவற்றில் தொழில் பழகும் தோட்டத்து இளைஞர், பாஸ் செய்வதைப் பார்த்தே கற்கின்றனர். எப்படிச் செய்வது என்பது பார்வையாற் பிடிபடும். ஏன் அப்படிச் செய்தல் வேண்டும் என்பது பார்வையால் மட்டும் பிடிபடாது. அவ்விடைவெளியை ஒரு கருவியைக் கொண்டு நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட கருவி, அமுக்கிய வளியால் இயங்கி, சக்கரத்தின் நட்டுக்களைக் கழற்றவும் பூட்டவும் பயன்படுவது. பட்டறைகளில் 'இம்பெக்ட்' எனவும் 'இம்பெக்ட் ரென்ச்' எனவும் வழங்குவது இதுவே. பாடநூல்கள் 'சுரை' என்பதனைப் பட்டறை 'நட்டு' என்கின்றது. காப்புப் பற்றிய எழுத்தைப் படிக்கவேண்டியவர் பட்டறையில் இருப்பவராதலின், இங்கு பட்டறைச் சொற்களையே பெரிதும் கையாளுகின்றோம்.

கருவியின் இயல்பு

கருவியினுள்ளே ஒரு சுழலியும் அதன் பிளவுகளிற் பொருந்திய மெல்லிய இதழ்களும் உள்ளன. கொம்பிரசரிலிருந்து குழாய் வழியே வரும் வளி இவ்விதழ்களைத் தள்ள, சுழலி விரைந்து சுற்றுகின்றது. சுழலியோடு சேர்ந்து சுற்றும் சம்மட்டிகள், நட்டோடு தொடர்புடைய பட்டடை போன்ற உறுப்பின்மீது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை மோதுகின்றன. இக்கருவி நட்டைத் திருப்புவது தொடர்ந்த முறுக்கத்தாலன்று. அடுத்தடுத்து விழும் மொத்தல்களாலேயாம்.

இக்கருவியின் நன்மையும் தீமையும் இவ்வியல்பிலேயே அடங்கியுள்ளன. ஒவ்வொரு மொத்தலும் கணப்பொழுதில் முடிந்துவிடுவதால், நட்டின் எதிர்விசையிற் சிறுபகுதியே கையை அடைகின்றது. எனவே, மெலிந்த உடலினரும் துருவேறிய லொறி நட்டைக் கழற்றிவிடுகின்றார். ஆனால் நட்டு எவ்வளவு இறுகியுள்ளது என்பதை அறியும் வாய்ப்பும் அதனோடு போய்விடுகின்றது. நீண்ட வீல் ஸ்பேனரால் இறுக்குபவருக்கு அவர் தோளும் முதுகுமே அளவுகோலாகும். இம்பெக்ட் பிடித்தவருக்கோ ஓசையன்றி வேறு அளவுகோல் இல்லை.

மலைநாட்டு வளியும் அமுக்கமும்

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அமுக்கத்துக்கென அமைக்கப்பட்டவை. இவ்வளவு, கருவி இயங்கும் வேளையில் கருவியின் வாயிலில் இருக்கவேண்டிய அளவாகும். தாங்கியிலுள்ள மானி காட்டும் அளவன்று. நீண்ட குழாயும் ஒடுங்கிய இணைப்பும் அமுக்கத்தை இடையிலே குறைத்துவிடும்.

ஊவாவிற்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. உயரம் கூடக் கூட வளி ஐதாகின்றது. கடல்மட்டத்தோடு ஒப்பிடுகையில் வளியமுக்கம் பதுளையில் ஏறத்தாழ 8 சதவீதமும், அப்புத்தளையில் ஏறத்தாழ 16 சதவீதமும் குறைவு. கொழும்பிற் போதுமாயிருந்த கொம்பிரசர் அப்புத்தளையில் தாங்கியை நிரப்பக் கூடுதலான நேரம் எடுப்பது இதனாலேயே. காரணம் அறியாதார், கருவி சோர்வதைக் கண்டு அமுக்கத்தை மேலும் உயர்த்துகின்றனர். சிலர் காப்பு வால்வையே இறுக்கிவிடுகின்றனர். இது பெருந்தீங்கு. 20 அங்குல விட்டமுள்ள தாங்கியொன்றில் 120 இறாத்தல் அமுக்கம் நிற்குமாயின், அதன் ஒரு பக்க மூடிமீது மட்டும் ஏறத்தாழ 17 தொன் விசை தாக்குகின்றது. இத்தகைய விசையைத் தாங்கிநிற்பது ஒரு மெல்லிய உருக்குத் தகடேயாம். செய்யத்தக்கது அமுக்கத்தை உயர்த்துவதன்று. தாங்கி நிரம்பும்வரை பொறுத்திருப்பதும், பருத்த குழாயைப் பயன்படுத்துவதுமாம்.

அத்தகட்டை உள்ளிருந்து அரிப்பது நீர். 20 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும். அதனை ஏழில் ஒரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால், ஏறத்தாழ 15 கிராம் நீராய் ஒடுங்கித் தாங்கியின் அடியில் தங்கும். நாளொன்றுக்கு 20 கனமீற்றர் வளியை உள்ளிழுக்கும் கொம்பிரசரில் கால் லீற்றருக்கு மேற்பட்ட நீர் சேரும் என்பது இக்கணக்கிலிருந்து பெறப்படும். யூலை முதல் செப்தெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் இது குறையும். வடகீழ்ப் பருவமழையின்போது மிகும். ஆகவே, நாள்தோறும் வேலை முடிந்தபின் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தல் இன்றியமையாதது. நீர் வடிக்கப்படாத தாங்கி, வெளியே வர்ணம் மின்ன உள்ளே துருவால் மெலிந்துகொண்டிருக்கும்.

சொக்கட்டும் குழாயும்

கை ஸ்பேனருக்குரிய மினுக்கிய சொக்கட் கடினமானது. ஆயின் மொத்தலைத் தாங்காது. அது வெடித்துச் சிதறினால் கூர்ந்த சில்லுகள் கண்ணை நோக்கிப் பாயும். இம்பெக்டுக்குரிய சொக்கட் தடித்த சுவருடையது, பெரும்பாலும் கருநிறமானது, மொத்தலை ஏற்று உடையாது நிற்கும் உருக்கினால் ஆனது. இரண்டும் ஒரே பெட்டியிற் கிடப்பதே பல விபத்துகளுக்கு வித்தாகும். அவற்றை வேறு வேறாக வைத்தல் வேண்டும். சொக்கட்டைக் கருவியோடு பிணைக்கும் ஊசியும் வளையமும் தேய்ந்திருப்பின், சொக்கட் கழன்று பறக்கும்.

சொக்கட்டை மாற்றுமுன் குழாயைக் கழற்றுதல் வேண்டும்; கழற்றிய பின்னர் விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே எஞ்சிய வளியையும் போக்குதல் வேண்டும். வளி நிறைந்த குழாய் இணைப்பிலிருந்து விடுபட்டால், அடிபட்ட பாம்பெனத் துள்ளி அருகில் நிற்பவரைத் தாக்கும். வேலை முடிந்தபின் அதே குழாயால் உடையிலுள்ள தூசியை ஊதுவதும், விளையாட்டாகப் பிறர் உடலில் ஊதுவதும் பட்டறைகளிற் காணப்படும் வழக்கங்கள். அமுக்கிய வளி தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே உட்புகும். உடலின் துவாரங்களிற் புகுந்தால் குடலையும் கிழிக்கும். இவ்விளையாட்டினால் உயிரிழந்தோர் உலகெங்கும் உளர்.

தளர்ந்த கையுறை, தொங்கும் கழுத்துத் துணி, சாரம் ஆகியன சுழலும் சொக்கட்டிற் சிக்கக்கூடியவை. சாரம் தோட்டப்புறத்தில் இயல்பான உடையேயாயினும், பட்டறையில் உடலோடு ஒட்டிய காற்சட்டையே தக்கது.

இறுக்கத்தின் அளவு

இனி, கருவியைப் பிடித்தவரை மட்டுமன்றிப் பிறரையும் தாக்கும் கேட்டினை நோக்குவோம். சிறிய காரொன்றின் சக்கர நட்டுக்கு வேண்டிய முறுக்கம் ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர். கனரக லொறியின் பெரிய நட்டுக்கு 550 முதல் 650 வரை வேண்டப்படலாம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒரு மீற்றர் நீளமான தண்டின் நுனியில் நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 590 ஆகும். இம்பெக்டோ தாங்கியின் நிலை, குழாயின் நீளம், இதழ்களின் தேய்வு ஆகியவற்றுக்கேற்ப ஒரு வேளை குறைவாகவும் ஒரு வேளை மிகையாகவும் இறுக்கும்.

நட்டு இறுகும்போது ஸ்டட் சிறிதளவு நீள்கின்றது. நீண்ட ஸ்டட் மீண்டும் சுருங்க முயல்வதாலேயே சக்கரம் பிடித்து நிற்கின்றது. மிகையாக இறுக்கினால் ஸ்டட் மீளமுடியாதவாறு நீண்டு பிடிப்பை இழக்கும். குறைவாக இறுக்கினால் சக்கரம் அசைந்து அசைந்து ஸ்டட்டைக் களைப்புறச் செய்யும். இரண்டின் முடிவும் ஒன்றே: ஸ்டட் முறிதல். ஒன்று முறிந்தால் அதன் சுமை ஏனையவற்றின்மீது விழ, அவையும் ஒவ்வொன்றாய் முறியும். புரியில் எண்ணெய் பூசினால் அதே முறுக்கத்துக்கு ஸ்டட் கூடுதலாய் நீளும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கொழுந்து ஏற்றிய லொறி, செங்குத்தான தோட்டப்பாதையிற் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஸ்டோருக்கு வருகின்றது. அதே லொறியிலும் டிரக்டர் பெட்டியிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைக்கு ஏற்றிச் செல்லப்படுவதும் உண்டு. ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாய் உள்ள பாதையில் ஒரு சக்கரம் கழன்றால் விளைவது யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டறையில் மிச்சப்படுத்திய ஐந்து நிமிடத்துக்கான விலையை, அப்பட்டறையை ஒருநாளும் கண்டிராத ஒருவர் செலுத்த நேரிடும்.

ஆகவே முறை இது: சக்கரமும் அச்சும் பொருந்தும் முகங்களிலுள்ள துரு, மண், தடித்த வர்ணம் ஆகியவற்றை முதலில் நீக்குதல், ஒவ்வொரு நட்டையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிப் புரி நேராய்ப் பிடிப்பதை உறுதிசெய்தல், இம்பெக்டைக் குறைந்த அளவில் வைத்து, எதிரெதிர் நட்டுக்களாக மாறிமாறிப் பதித்தல், இறுதி இறுக்கத்தை வாகனக் கைநூல் கூறும் அளவுக்கு டோர்க் ரென்ச்சினாற் செய்தல், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல்.

பழைய யப்பானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுக்கள் இடப்புரியுடையவை. அவற்றை வழமையான திசையிற் கழற்ற முயன்றால், கருவி மேலும் இறுக்கி ஸ்டட்டை முறித்துவிடும். இரு துண்டாய் அமைந்து போல்டினாற் பிணைக்கப்பட்ட சக்கரங்களில், டயரின் வளியை முற்றாகப் போக்காது பிணைப்பு நட்டில் இம்பெக்டை வைத்தல் உயிருக்கே உலையாகும். வாகனத்தை ஜெக்கில் மட்டும் நிறுத்துதலும் தகாது. சரிவில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்திய பின்னரே கருவியைத் தொடவேண்டும். ஸ்டோரில் உருளை இயந்திரத்தையோ உலர்த்தியையோ கழற்றுவதாயின், மின்சாரத்தைத் துண்டித்து, ஆளிக்குப் பூட்டிட்டு, அறிவிப்புப் பலகை தொங்கவிடுதல் முதற்கடனாகும்.

செவியும் கையும்

மேற்கூறியவை ஒரு நொடியில் நிகழ்வன. ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் கேடுகளும் உள. இக்கருவியின் ஓசை 100 தெசிபெல்லை எட்டுவதுண்டு. ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவகத்தின் பரிந்துரைப்படி 85 தெசிபெல் ஓசையில் 8 மணிநேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். இக்கணக்கில் 100 தெசிபெல்லுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடமே அளவு. இவ்வாறு இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

அதிர்வின் தீங்கினை 1918ஆம் ஆண்டில் மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன், ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்ட் சுண்ணக்கற் சுரங்கங்களில் ஆராய்ந்தார். வளிச்சம்மட்டி கொண்டு கல் செதுக்கியோரின் விரல்கள் குளிரில் வெளிறி உணர்விழந்தமையை அவர் பதிவுசெய்தார். விரல்களின் சிறு இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதுறுவதே இந்நோயின் அடிப்படை. குளிர் இதனைத் தூண்டுகின்றது. மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுதில் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வேலைதொடங்கும் இளைஞர் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். கையைச் சூடாக வைத்தல், கருவியை இறுகப் பற்றாமை, தேய்ந்த கருவியைத் திருத்துதல், இடையிடையே வேறு வேலை பார்த்தல் ஆகியன காப்பு வழிகள். விரல்நுனி வெளிறினாலோ விறைத்தாலோ அதனைப் பனிக்குளிர் என்று தள்ளிவிடாது மருத்துவரிடம் கூறுதல் நன்று.

சட்டமும் மொழியும்

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் காப்புக்கென எழுந்தவை. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று. வளித்தாங்கியின் அருகே நிற்கும் பதினெட்டு வயது இளைஞர் அதன் பொருளை அறிந்திருப்பது பிறிதொன்று. கருவியோடு வரும் கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்திருப்பதால், அது பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. பதுளைப் பட்டறைகளில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே உழைப்பதால், காப்புரைகள் இரு மொழியிலும் கொம்பிரசருக்கு மேலே ஒட்டப்படல் வேண்டும். அதன் தமிழ்வடிவம் பின்வருமாறு அமையலாம் என முன்மொழிகின்றோம்:

கண்ணாடியும் காதடைப்பும் போட்ட பின் கருவியைத் தொடு.
கறுப்புச் சொக்கட் மட்டும் பாவி.
சொக்கட் மாற்றமுன் காற்றுக் குழாயைக் கழற்று.
90 இறாத்தலுக்கு மேல் வைக்காதே.
நட்டைக் கையால் ஏற்று. கடைசி இறுக்கம் டோர்க் ரென்ச்சால்.
காற்றை ஆள்மேல் ஊதாதே.
மாலையில் தாங்கித் தண்ணீரை வடி.

இவ்வேழு வரிகளுக்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது பசையுமேயாம். அறிவியலைத் தமிழிற் கூறவேண்டும் என்னும் குறிக்கோள் பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடாது, எண்ணெய் படிந்த பட்டறைச் சுவர்வரை செல்லுமாயின், தோட்டத்து இளைஞர் சிலரின் விரல்களும், கொழுந்து லொறியிற் பயணஞ்செய்வோரின் உயிர்களும் அதனாற் காக்கப்படும்.