மயக்க மருத்துவமும் பிழையாய்வும்

இயற்கைத் துயிலில் ஆழ்ந்தவன் மூச்சுத் தடைப்படின் திடுக்கிட்டு விழிப்பான். வலி தோன்றின் புரண்டு படுப்பான். மயக்க மருந்தால் உணர்விழந்தவனோ தன் உயிரைக் காக்கும் இக்காவல்கள் அனைத்தையும் சிறிது நேரத்துக்குப் பிறர் கையில் ஒப்புவித்துவிடுகின்றான். அவன் சுவாசத்தை நோக்குதலும், நாடியை எண்ணுதலும், குருதியமுக்கத்தை அளத்தலும் அருகிருக்கும் வைத்தியரின் கடனாகின்றன. ஆகவே மயக்க மருத்துவம் என்பது மருந்து கொடுக்கும் கலை மாத்திரமன்று. அடைக்கலமாக வந்த உயிரைக் காக்கும் ஒழுங்குமாகும். அவ்வொழுங்கின் வளர்ச்சியை ஆராயுமிடத்து, புதிய மருந்துகள் செய்த உதவிக்குச் சிறிதும் குறையாத உதவியைப் பிழைகளை மறையாது எழுதி ஆராயும் பழக்கம் செய்தது என்பது புலனாகும்.

1846 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆம் நாள் பொஸ்ரன் நகரிலுள்ள மாசச்சூசற்ஸ் பொது வைத்தியசாலையில் வில்லியம் மோட்டன் ஈதரைப் பயன்படுத்தி, வலியில்லாச் சத்திரசிகிச்சை கைகூடுவதைப் பலரறியக் காட்டினார். அடுத்த ஆண்டில் குளோரோபோம் வழக்கிற்கு வந்தது. வலி நீங்கிய மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1848 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியில், கால்விரல் நகத்தை அகற்றுதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பெற்ற ஹனா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களுள் உயிர்நீத்தாள். அற்பமான ஒரு சிகிச்சைக்கு வந்தவள் மீளவில்லை என்பது மருத்துவ உலகினை அதிரச் செய்தது.

இத்தகைய மரணங்களை விதியென்று விட்டுவிடாதவர் இலண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ. தாம் மயக்க மருந்து கொடுத்த நோயாளரைப் பற்றி அவர் நாள்தோறும் குறிப்பேடு எழுதிவந்தார். குளோரோபோமால் நேர்ந்த 50 மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்து, ஆவி அளவுக்கு மிஞ்சிச் செறிந்திருத்தலே பெருங்காரணம் எனக் கண்டார். அவர் மறைந்த 1858 ஆம் ஆண்டிலேயே அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது.

அடுத்த படியை அமைத்தோர் இருவர் மாணவர் என்பது கருதத்தக்கது. ஹாவாட் மருத்துவக் கல்லூரி மாணவராயிருந்த ஹார்வி குஷிங் என்பார் ஈதர் கொடுத்தபோது நோயாளி ஒருவர் இறந்துபோனார். குஷிங் மனமுடைந்து தெருத்தெருவாய் அலைந்தார்; கல்லூரியை விட்டு விலகவும் எண்ணினார். சத்திரவைத்தியரோ இஃது அடிக்கடி நிகழ்வதே என்றும், மறந்துவிடுதல் நலம் என்றும் கூறினார். குஷிங் மறந்திலர். அவரும் உடன் மாணவரான ஏர்னஸ்ற் கொட்மனும், நன்கு ஈதர் கொடுப்பவர் யார் எனத் தம்முள் போட்டியிட்டனர். தோற்றவர் விருந்தளித்தல் வேண்டுமென்பது பந்தயம். 1894 ஆம் ஆண்டளவில் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் வரைகோட்டுத் தாளிற் குறிக்கத் தொடங்கினர். 1901 இல் இத்தாலி சென்ற குஷிங் ஆங்குக் கண்ட குருதியமுக்கமானியைக் கொணர்ந்து அவ்வளவையும் அதனோடு சேர்த்தார். இன்று சத்திரசிகிச்சைக்கூடந்தோறும் எழுதப்பெறும் மயக்கப் பதிவேடு அத்தாளின் வழித்தோன்றலே.

பதிவேடுகள் பெருகவே அவற்றைத் தொகுத்து நோக்கல் இயல்வதாயிற்று. பீச்சர், ரொட் என்னும் இருவர் 1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் 10 பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் நிகழ்ந்த 599,548 மயக்கங்களை ஆராய்ந்து 1954 இல் முடிவுகளை வெளியிட்டனர். மயக்கமே முதற்காரணமாகவோ துணைக்காரணமாகவோ அமைந்த மரணம் 1,560 பேருக்கு ஒன்று என அவர்கள் கணித்தனர்.

எத்தனை பேர் இறந்தனர் என்பது தெரிந்தது. ஏன் இறந்தனர் என்பதே எஞ்சிய வினா. அதற்கு விடை தேட முற்பட்டவர் ஜெவ்ரி கூப்பர் என்னும் பொறியியலாளர். விமான விபத்துக்களை ஆராயும் முறையைத் தழுவி, மயக்க மருத்துவத்தில் ஈடுபட்டோரிடம் அவர்தம் தவறுகளையும், மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் கேட்டறிந்தனர் அவர் குழுவினர். 1978 இல் வெளிவந்த அவ்வாய்வில், தவிர்க்கத்தக்கனவாயிருந்த 359 நிகழ்ச்சிகளில் 82 வீதம் மனிதப் பிழையால் விளைந்தவை. கருவிப் பழுதால் விளைந்தவை 14 வீதமே. சுவாசக் குழாயின் இணைப்புக் கழன்றது, வாயுவின் அளவு அறியாது மாற்றப்பட்டது, ஒரு மருந்துக்குப் பதில் வேறொன்று ஏற்றப்பட்டது முதலியன அவற்றுட் சில. களைப்பு, அவசரம், கருவியிற் பழக்கமின்மை, ஒருவர்க்கொருவர் செய்தியைச் செவ்வனே கூறாமை என்பன அவற்றிற்குத் துணையாய் நின்றன.

இவ்வாய்வு உணர்த்திய உண்மை பெரிது. நல்ல வைத்தியரும் பிழை செய்வர். ஆகவே பிழை செய்தவரைக் கடிதலோடு அமையாது, பிழை நேர்தற்கு இடமளித்த அமைப்பைத் திருத்தல் வேண்டும். மருந்தேற்றிய ஊசிக்குழலில் மருந்தின் பெயரை ஒட்டுதல், நாளின் தொடக்கத்திலே கருவியைச் சோதித்தல், ஒரு வாயுவின் உருளை வேறொன்றின் இடத்திற் பொருந்தாதவாறு இணைப்புக்களை அமைத்தல், ஒருவர் கடமையை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது நோயாளியின் நிலையை முறைப்படக் கூறுதல் என்பன எளியனவாகத் தோன்றினும், உயிர்காக்கும் ஏற்பாடுகளாம்.

ஹாவாட்டைச் சார்ந்த 9 வைத்தியசாலைகள் உடன்பட்டு வகுத்த குறைந்தபட்ச விதிகள் 1986 இல் வெளியிடப்பட்டன. மயக்க வைத்தியர் அல்லது தகுதி பெற்ற துணைவர் கூடத்தை விட்டு நீங்கலாகாது; குருதியமுக்கமும் நாடியும் 5 நிமிடத்துக்கொரு முறையேனும் அளக்கப்படல் வேண்டும்; சுவாசமும் இரத்தவோட்டமும் இடையறாது கண்காணிக்கப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில. அமெரிக்க மயக்க மருத்துவச் சங்கமும் அவ்வாண்டிலேயே நாடு முழுவதற்குமான விதிகளை ஏற்றுக்கொண்டது. யப்பானியரான தக்குவோ அயோயாகி 1974 இல் வெளிப்படுத்திய தத்துவத்தினின்று வளர்ந்த நாடி ஒட்சிசன்மானி, விரல்நுனியிற் பொருத்திய அளவிலே இரத்தத்தின் ஒட்சிசன் நிலையைக் காட்டிற்று. நோயாளியின் நிறம் மாறுமுன்னரே ஆபத்தை அறிதல் இதனால் கைகூடிற்று.

நீதிமன்ற வழக்குக்களும் கல்விக்குப் பயன்பட்டன. காப்புறுதி நிறுவனங்களிடம் முடிவுற்றுக் கிடந்த நட்டஈட்டுக் கோரிக்கைகளை அச்சங்கத்தினர் ஆராய்ந்தனர். 1990 இல் வெளியான ஆய்வின்படி 1,541 கோரிக்கைகளில் 34 வீதம் சுவாசக் கேடுகளைப் பற்றியவை. மூச்சுக்குழாயிற் செல்லவேண்டிய குழாய் உணவுக்குழாயிற் சென்றமையும் அவற்றுள் ஒன்று. வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் கருவி அத்தவற்றை உடனே வெளிப்படுத்தவல்லது.

இம்முயற்சிகளின் விளைவு யாது? 1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை, மயக்கத்தால் நேரும் மரணம் 1980 ஆம் ஆண்டளவில் 10,000 பேருக்கு இருவர் என்றிருந்த நிலை மாறி, 200,000 முதல் 300,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்ததெனக் கூறிற்று. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலும் இவ்வழியில் எழுந்ததே. மயக்கத்துக்கு முன்னும், கத்தி வைக்குமுன்னும், கூடத்தை விட்டு நீங்குமுன்னும் நோயாளியின் பெயர், சிகிச்சை, ஆபத்து முதலியவற்றை அனைவரும் வாய்விட்டுக் கூறி உறுதிசெய்தல் அதன் முறை. 8 நகரங்களில் சோதிக்கப்பட்டபோது மரணம் 1.5 வீதத்தினின்று 0.8 வீதமாயிற்று என 2009 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எனினும் இப்பயன் யாவர்க்கும் எய்தியதன்று. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான சத்திரசிகிச்சையும் மயக்கச் சேவையும் எட்டாதிருந்தமையை 2015 இல் லான்செற் ஆணைக்குழு எடுத்துக்காட்டிற்று. கருவியும் ஒட்சிசனும் பயின்ற ஊழியரும் இல்லாவிடத்து விதி ஏட்டளவில் நின்றுவிடும்.

அறிவு வளர்வது வெற்றிகளை எண்ணுவதால் மாத்திரமன்று. மறந்துவிடுக என்று கூறப்பட்ட ஒரு மரணத்தை மறவாத மாணவர் இருவர் ஒரு தாளில் கோடு வரைந்தனர். அக்கோடு இன்றும் மயக்கத்தில் ஆழ்ந்தோரின் தலைமாட்டில் விழித்திருக்கின்றது. தன் பிழையைத் தானே எழுதிவைக்கும் துணிவு எத்துறையினர்க்கும் வேண்டப்படுவது. பிறர் உயிரைக் கையேற்போர்க்கோ அஃது இன்றியமையாதது.