தூரிகை இல்லாத மோட்டாரும் தொலையாத இடமும்

சி.என்.சி. எந்திரம் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்புத் துண்டைத் தாங்கிய மேசை விருட்டென்று நகரும். குறித்த இடத்தில் சட்டென்று நிற்கும். தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அதில் பாதியளவு பிசகினாலும் சில வேலைகளில் பொருள் வீணாகிவிடும். மேசையை நகர்த்துவதோ மோட்டார். சுழல மட்டுமே தெரிந்த ஒன்றை இவ்வளவு கணக்காக நிறுத்துவது எங்ஙனம்?

பாடநூலில் வரும் மோட்டாரில் காந்தம் நிலையாக இருக்கும், கம்பிச்சுருள் சுழலும். அதற்கு மின்சாரம் தரவும், அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத் திசையை மாற்றவும் பிளவு வளையமும் கரித்தூரிகைகளும் வேண்டும். தூரிகைகள் தேயும், பொறி பறக்கும். தூரிகையற்ற மோட்டாரில் ஏற்பாடு தலைகீழ். காந்தம் சுழல்கிறது, சுற்றிலும் மூன்று தொகுதிச் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. அசையாத சுருளுக்குத் தூரிகை எதற்கு?

திசைமாற்றும் வேலையை டிரான்சிஸ்டர்கள் ஏற்கின்றன. ஆனால், காந்தம் எப்பக்கம் நோக்கி நிற்கிறது என்று அவற்றுக்குத் தெரிய வேண்டுமே! 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு இங்கே உதவுகிறது. மின்னோட்டம் பாயும் தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமைந்தால், தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். இத்தகைய மூன்று உணரிகள், இருமுனைக் காந்தத்தின் ஒரு சுற்றை 60 டிகிரி கொண்ட ஆறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. சுருள்களின் புலம் காந்தத்துக்கு ஏறத்தாழ 90 டிகிரி முன்னே இருக்கும்படி மின்னோட்டம் மாற்றப்படுகிறது. திருப்புவிசை சைன் கோணத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆறு பகுதிகள் சுழற்றப் போதும், நிறுத்தப் போதா. எனவே அச்சில் நுண்கோடுகள் பொறித்த வட்டத்தட்டு ஒன்று பொருத்தப்படுகிறது. இரண்டு ஒளிக்கண்கள் கோடுகளை எண்ணுகின்றன. எது முந்துகிறது என்பதிலிருந்து சுழலும் திசை தெரியும். ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை, ஒரு சுற்றில் மேசையை 5 மில்லிமீட்டர் தள்ளும் திருகு என்று கொள்வோம். ஓர் எண்ணிக்கை 0.0005 மில்லிமீட்டர்! திருகின் குறைபாடுகளால் உண்மைத் துல்லியம் இதைவிடக் குறைவுதான்.

இனி, போக வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் கொடுத்தால் போதாதா? போதாது. விலகலுக்கு நேர்விகிதத்தில் இழுக்கும் விசை எது? சுருள்வில்! வில்லில் கட்டிய நிறை நடுப்புள்ளியில் நிற்குமா? கடந்து ஓடும், திரும்பும், மீண்டும் கடக்கும். மேசையும் அவ்வாறே தனிச்சீரிசை இயக்கத்தில் ஊசலாடும். அதைத் தணிக்க, வேகத்துக்கு நேர்விகிதத்தில் எதிர்விசை ஒன்றையும் சேர்க்கிறார்கள். நம் கண்ணுக்குப் படாத வில், கண்ணுக்குப் படாத எண்ணெய்! செங்குத்தாக ஏறி இறங்கும் பாகத்தில் எடையால் இந்த வில் சற்றுத் தொய்யும். எஞ்சிய பிழையைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போய் மின்னோட்டத்தை உயர்த்தினால் அதுவும் சரியாகும்.

ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் ஒளிக்கண்களின் இரு கம்பிகள் இடம் மாறிவிட்டன. மோட்டார் முன்னே போக, எண்ணிக்கை பின்னே போயிற்று. பிழையைக் குறைக்க வேண்டிய மின்னோட்டம் அதை வளர்த்தது. வளர்ந்த பிழை மின்னோட்டத்தை மேலும் கூட்டியது. கண் இமைப்பதற்குள் மேசை ஓடிப்போய் முனையில் மோதி நின்றது. அருகே கை வைத்திருந்த மாணவர் அதற்குச் சற்று முன்புதான் கையை எடுத்திருந்தார். அன்றிலிருந்து, திருகைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்த பிறகே மேசையை இணைக்கிறோம்.