உள்ளே குளிர், வெளியே கொதிப்பு!

மாதத் தவணையிலே ஏ.சி.! கைக்காசு வேண்டாம், கையெழுத்துப் போதும் என்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்திலே அவிந்து கிடக்கும் சென்னைத் தொழிலாளி அதற்கு ஆசைப்பட்டால் குற்றமா? இல்லை என்போம் நாம். 1902-இல் வில்லிஸ் கேரியர் இந்த முறையை வகுத்ததே, புரூக்ளின் அச்சகம் ஒன்றின் காகிதம் ஈரத்தால் கெடாதிருக்க! காகிதத்துக்குக் கிடைத்த சுகம், அதைச் சுமப்பவனுக்குக் கூடாதோ?

ஆனால் கணக்குப் பார்ப்போம், தோழர்களே! பெட்டியின் விலையோடு முடிகிறதா? செப்புக் குழாய், இரும்புத் தாங்கி, தனி ஒயரிங், ஸ்டெபிலைசர், பொருத்துகூலி! 2025 செப்டம்பரில் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது, நல்லதே. சுவரில் துளைபோட வீட்டுக்காரரிடம் கைகட்டி நிற்பது குறைந்ததா? வீடு மாறினால் கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி.

மின்சாரம்? ஒரு டன் பெட்டி ஓயாமல் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரவுக்கு 8 மணி நேரம், 60 நாள்: 480 யூனிட்! 2016-இல் வந்த 100 யூனிட் இலவசம் பதின்மூன்றாம் இரவுக்குள் கரைந்துவிடும். பிறகு, படிப்படியாய் ஏறும் கட்டணம்.

ஏர்கூலர் மலிவாயிற்றே என்பீர்கள். மதுரையில் கொஞ்சம் உதவலாம். ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்றிலே நீர் எப்படி ஆவியாகும்? எப்படிக் குளிரும்?

வாங்கியவர் பாடு இது. வாங்காதவர்? அறையின் வெப்பத்தைப் பெட்டி வெளியே தள்ளுகிறது. மாடிக்காரர் போர்வை போர்த்துகிறார். கீழே சந்தில் கதவு திறந்து படுத்தவன்மீது அந்த அனல் வீசுகிறது. செலவு செய்யாமலே செலவாளி அவன்! அவன் கூரைக்கு வெள்ளைப் பூச்சும், சந்துக்கு மரநிழலும் கேட்டு மாநகராட்சி வாசலுக்கு மனுவோடு போவோம், வாருங்கள்.